டெஸ்ட் என்று போடாத பெயர்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. "அடுத்தவங்க செஞ்சதுல நொட்டை சொல்றதுக்கு ஒரு சம்பளமா?" என்பார். ஏறக்குறைய அதுதான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். யாரோ எழுதிய புரோகிராமை நோண்டி நோண்டி எங்கே உடைகிறது என்று பார்க்கிறவள். ஈரோட்டில் இருந்த வரைக்கும் இந்த வாயைத் திட்டாத ஆள் கிடையாது. அமெரிக்கா வந்ததும் அதே வாய்க்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது.

டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் இருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். அவரும் ஐடிதான். அவர் பெயரை இங்கே ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஆபீஸில் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். காப்பிக் கடையில் பெயர் கேட்டால் வாய்க்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வருவார். "திருத்திச் சொன்னா என்னங்க, வாய் தேஞ்சா போயிரும்?" என்று நான் கேட்டால், "விடு அம்மணி, காப்பி ஆறிப் போயிரும்" என்பார். எதையும் திருத்துகிற ஆள் இல்லை அவர். எனக்கு அது எரிச்சல்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறப்பதாக இருந்தது. இங்கே ரத்தப் பரிசோதனையிலேயே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்கள். பெண் என்று தெரிந்த அன்றே பெயர்ச் சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் ஆசைப்பட்ட பெயரில் ஒரு ழ இருந்தது. "ழ இங்க எவன் வாயிலயும் வராது. ஸ்கூல்ல புள்ளையப் படுத்தி எடுத்துருவானுங்க. ரெண்டு ஊருக்கும் ஒத்துப்போற மாதிரி சின்னதா ஒண்ணு வைப்போம்" என்றார். "வராட்டி கத்துக்கட்டும். நாம என்ன அவங்க ஊர்ப் பேரையெல்லாம் சொல்லாமயா இருக்கோம்?" என்றேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து நான்தான் ஜெயித்தேன். அப்புறம் அவரே வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பிறக்கும் முன்னே பெயர் வைத்தோம் என்று தெரிந்தால் இரண்டு அம்மாக்களும் போனிலேயே பிடித்துத் திட்டியிருப்பார்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஸ்கேன் பெண் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். டாக்டர் வந்தார். குழந்தைக்குக் கிட்னி இரண்டுமே உருவாகவில்லை, அது இல்லாமல் நுரையீரல் வளராது, பிறந்தாலும் மூச்சுவிட வழியில்லை என்றார். அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். டெக்சஸ் மாநிலச் சட்டப்படி இங்கே கருவைக் கலைக்க முடியாது, அதைப் பற்றிச் சொல்லவும் டாக்டருக்குப் பயம் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "வேற ஸ்டேட்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். சான் ஹோசேயில் என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் இருக்கிறான். அங்கே போகவில்லை. கருக்கலைப்புக்குத் தடை இல்லாத நியூ மெக்சிகோவுக்குப் போனோம். அங்கே எங்களுக்கு ஈ காக்காயைக்கூடத் தெரியாது. அதற்காகவே போனோம்.

திரும்பி வந்ததும் ஊருக்கு, குழந்தை தங்கவில்லை என்று சொன்னோம். ஆபீஸுக்கு வைரல் ஃபீவர் என்று சொன்னேன். அவர் அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் போனார். குப்பைத் தொட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்தார், புல் வெட்டினார், "சாப்டியா" என்று கேட்டார், நானும் "ம்" என்றேன். இவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. எனக்கு அழுகை வரவில்லை. அழுதால் நன்றாக இருக்கும் என்று தெரிந்தது, வரவில்லை. பாத்திரம் கழுவும்போது தண்ணீர் சுடுகிறதா என்பதுகூடக் கை சிவந்த பிறகுதான் தெரியும்.

ஒன்று மட்டும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை அதன் பிறகு அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உலகத்திலேயே அந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மறந்துவிட்டாரா, அல்லது வேண்டாம் என்று வைத்துவிட்டாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டிருக்கலாம். கேட்டு, "எந்தப் பேரு?" என்று அவர் திரும்பக் கேட்டுவிட்டால் அப்புறம் அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது. அதனால் கேட்கவில்லை.

அந்த நிலைமையில்தான் அந்த ப்ராஜெக்ட் வந்தது.

என் டீம் லீட் நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறார், சென்னைக்காரர். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வெப்சைட் என்றுதான் முதலில் சொன்னார். மீட்டிங்கில் ஸ்கிரீனைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அது கருக்கலைப்பை எதிர்க்கிற ஒரு அமைப்பு. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு மார்க் போட்டு, யாருக்கு ஆதரவு, யாருக்கு இல்லை என்று வாக்காளர்களுக்குக் கையேடு அச்சடித்து வீடு வீடாக அனுப்புகிறவர்கள். அந்த மார்க் போடுகிற சிஸ்டத்தைத்தான் நாங்கள் கட்டிக் கொடுக்க வேண்டும். சென்னையில் எழுதுவார்கள், ஆலனில் நான் டெஸ்ட் செய்ய வேண்டும்.

"உங்களுக்கு ஓகேதானே? நம்ம கருத்தெல்லாம் இதுல வேணாம், ரிக்வைர்மென்ட் என்ன சொல்லுதோ அத மட்டும் பாருங்க" என்றார் லீட். அவருக்கு என் விஷயம் ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை வீட்டில் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவதை நினைத்தால் பயமாக இருந்தது. ஓகே என்றேன். எப்படி உன்னால் முடிந்தது என்று யாராவது கேட்கலாம். அப்போது எதைச் செய்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. வெங்காயம் அரிவதும் அதுவும் ஒன்றுதான்.

அரசியல்வாதிக்கு மார்க் போடுவது எப்படி என்று கரைத்துக் குடித்தேன். ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கு, அவர்கள் சபையில் போட்ட ஓட்டுக்களை வைத்து மார்க். எந்தெந்த மசோதாவைக் கணக்கில் எடுப்பது என்பதையும் அமைப்பே முடிவு செய்யும். முக்கியமான மசோதா என்றால் இரட்டை மார்க். அன்றைக்கு வராமல் இருந்தால் சைபர், எங்கள் ஸ்கூலில் பரீட்சைக்கு வராதவனுக்குப் போடுவது போல. புதிதாக நிற்பவர்களுக்குச் சபை ஓட்டு ஏது? அவர்களுக்குக் கேள்வித்தாள். எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில். பதில் போடாமல் விட்டால் 'பதில் சொல்ல மறுத்தவர்' என்று பெயருக்கு நேரே அச்சாகும். கடைசியில் காமென்ட் எழுத ஒரு பெட்டி. அதில் மகாபாரதமே எழுதினாலும் மார்க் மாறாது. மாறுகிறதா என்று நானே டெஸ்ட் செய்து பார்த்தேன்.

எல்லாப் பதிலும் சரியென்றால் 'என்டார்ஸ்டு'. அமைப்பு அவரை ஆதரிக்கிறது. கையேட்டில் பச்சை டிக். அந்த டிக்குக்காகப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் தவம் கிடப்பார்கள் என்று லீட் சொன்னார். இந்த அமைப்பு ரொம்ப இளக்கம் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு அமைப்பு வேறு இருந்தது. இதில் பாஸான ஆள் அதில் ஃபெயில். அதனால் இவர்கள் மீட்டிங்குக்கு மீட்டிங் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டே போனார்கள். நாங்களும் இறுக்கிக் கொடுத்தோம்.

"ஸ்கூல் போர்டுக்கு நிக்கிறவங்களுக்கு எதுக்கு இந்தக் கேள்வி? எந்தத் தெருவுக்கு எந்த பஸ்ஸுன்னு பாக்கற ஆளுக்கும் கருக்கலைப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"இன்னிக்கு ஸ்கூல் போர்டு, நாலு வருஷம் கழிச்சு ஸ்டேட் ஹவுஸ், நம்ம ஊரு எம்.எல்.ஏ. மாதிரி. செடியா இருக்கச்சொல்லோவே பார்த்துக்கறாங்க" என்றார் லீட். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரர்கள்தான்.

ஒன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: பிறந்த பின் குழந்தை பிழைக்காது என்று மருத்துவர் உறுதி செய்தால், கருக்கலைப்புக்குச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்க வேண்டுமா? சரியான பதில், இல்லை. யாராவது ஆம் என்று போட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆதரவு கிடைக்கக் கூடாது. கிடைக்கவில்லைதானா என்று பார்ப்பது என் வேலை. ஆம் என்று அமுக்குவேன். பச்சை டிக் மறையும். திரையைப் படம் பிடிப்பேன். என் ஷீட்டில் எழுதுவேன்: எதிர்பார்த்தது, ஆதரவு இல்லை. கிடைத்தது, ஆதரவு இல்லை. பாஸ். புரோகிராமில் எதையாவது மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். அதனால் ஒன்பதாவது கேள்விக்கு நான் எத்தனை தடவை ஆம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவைகூடக் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நல்ல எண்ணம் வந்திருக்கும்.

ஒரே ஒரு பதில் மட்டும் தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அமைப்பின் தொண்டர் ஒருவர் போன் செய்து அந்தக் கேள்வியை மறுபடி வாசித்துக் காட்டி, பதிலை மாற்றிக்கொள்கிறீர்களா என்று அன்பாகக் கேட்பார். நிறையப் பேர் மாற்றிக்கொள்வார்களாம். அப்படி யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று சிஸ்டமே பட்டியல் போட்டுத் தரும்.

டெஸ்ட் செய்வதற்குப் பொய் வேட்பாளர்களை நாங்களே உண்டாக்குவோம். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெயருக்கு முன்னால் 'டெஸ்ட்' என்று போட்டுவிட வேண்டும். வேலை முடிந்து சிஸ்டத்தை நிஜ உபயோகத்துக்கு விடும்போது, சென்னை டீம் 'டெஸ்ட்' என்று ஆரம்பிக்கிற எல்லாவற்றையும் ஒரே அடியாக அழித்துவிடும்.

ஒரு நாள் லீட் சொன்னார்: "இப்ப டாலஸ் பக்கம் நம்ம ஆளுங்களும் எலெக்‌ஷன்ல நிக்கறாங்க. நமக்கெல்லாம் ஏது லாஸ்ட் நேம்? இனிஷியல்தானே. லாஸ்ட் நேம்ல ஒரே ஒரு எழுத்து போட்டா சிஸ்டம் படுத்துக்குதான்னு பாருங்க." பாஸ்போர்ட்டில் தொடங்கி பல் டாக்டர் ஆபீஸ் வரைக்கும் எங்கள் ஆட்கள் எல்லோரும் பட்ட பாடுதான் அது.

சரி, இனிஷியலோடு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். என் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்தை லாஸ்ட் நேமில் போட்டேன். ஃபர்ஸ்ட் நேமில் 'டெஸ்ட்' என்று அடித்தேன். அதற்குப் பக்கத்தில் என் விரல் அந்தப் பெயரை அடித்தது. நான் யோசித்து அடித்தேன் என்று சொல்ல முடியாது. அடித்து முடித்துத் திரையைப் பார்த்தேன். டெஸ்ட், அதற்கு அடுத்து அவள் பெயர், அதற்கு அடுத்து அவள் அப்பாவின் இனிஷியல். முன்னால் இருந்த அந்த டெஸ்ட் என்கிற வார்த்தையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவள் என்ன டெஸ்ட்டா? அதை அழித்தேன். அவள் பெயரும் இனிஷியலும் மட்டும் நின்றன. ஒரு ஸ்கூல் அடையாள அட்டையில் இருப்பது போல இருந்தது.

போன் நம்பர் கேட்டது. என் நம்பரை ஏற்கெனவே வேறு ஒரு பொய் வேட்பாளருக்குக் கொடுத்திருந்தேன், சிஸ்டம் ஒரே நம்பரை இரண்டு பேருக்கு ஏற்காது. அதனால் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன். எங்கள் ஊர் ஸ்கூல் போர்டுக்கு நிற்கிறாள் என்று போட்டேன். ஒன்பதாவதுக்கு ஆம், மற்றதெல்லாம் அமைப்புக்குப் பிடித்த பதில். காமென்ட் பெட்டி தமிழ் எழுத்தை ஏற்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று, தமிழில் ஏதோ அடித்தேன். சேமித்தவுடன் அத்தனையும் கேள்விக்குறியாக மாறிவிட்டது. அதை ஒரு குறையாக எழுதி அனுப்பினேன். "தமிழ்ல யாரு காமென்ட் எழுதப் போறாங்க, விடுங்க" என்று லீட் மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலையைத் தொடங்கும்போது அந்தப் பெயரை ஒரு தடவை திறந்து பார்ப்பேன். டெஸ்ட் செய்ய ஒன்றும் இருக்காது. பார்த்துவிட்டு மூடுவேன்.

ஒரு வார இறுதியில் சிஸ்டத்தை நிஜ உபயோகத்துக்கு விட்டார்கள். சென்னை டீம் டெஸ்ட் பெயர்களை எல்லாம் அழித்தது. இவள் டெஸ்ட் இல்லையே. இவளை யார் அழிப்பார்கள்? எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. ப்ராஜெக்ட் முடிந்தது, நானும் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமைப் பகலில் நாங்கள் இந்தியக் கடைக்குப் போய்விட்டு ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தோம். இட்லி அரிசி டிக்கியில். தேங்காய்ப் பை என் மடியில். வாட்டர் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறவன் கூப்பிடுவதாக இருந்ததால், தெரியாத நம்பர் வந்தும் இவர் எடுத்தார். போன் காரோடு இணைந்திருந்தது. குரல் கார் முழுக்கக் கேட்டது. வயதான ஒரு பெண்ணின் குரல், நல்ல டெக்சஸ் இழுப்பு, யாரோடு பேசினாலும் 'ஹனி' போடுகிற ரகம். பேசியது எல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

அந்த அம்மா அமைப்பின் பெயரைச் சொன்னார். தான் ஒரு தொண்டர் என்றார். அப்புறம் எங்கள் மகளின் பெயரைச் சொல்லி, அவளோடு பேசலாமா என்று கேட்டார். நடுவில் இருந்த ழவைச் சின்னாபின்னமாக்கித்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெயர்தான்.

நெஞ்சு நின்றுவிட்டது என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் தேங்காய் உருண்டு விழுந்துவிடப் போகிறது என்று பையை இறுக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் போட்ட டெஸ்ட் டேட்டாங்க. அழிக்காம லைவ்ல போயிருச்சு. கட் பண்ணுங்க" என்று கிசுகிசுத்தேன். ஐடிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கட் பண்ணவில்லை. 

"அவ இப்ப இங்க இல்லைங்க. நான் அவளோட அப்பா பேசறேன்" என்றார்.

"அடடா, அப்பாவா! பொண்ணு எலெக்‌ஷன்ல நிக்கறாளேன்னு உங்களுக்குப் பெருமையா இருக்குமே!"

"ஆமாங்க. இருக்கு."

"உங்க பக்கமெல்லாம் கார்ல போய்ப் பார்த்தேன் ஹனி, எந்த வீட்டுப் புல்லுலயும் அவ பேர் போட்டு ஓட்டு கேக்கற போர்டு ஒண்ணுகூட இல்லையே?"

"இன்னும் வைக்கலைங்க" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. என்ன மனுஷன் இவர், போனில் யாரோ ஒரு பெண்மணியிடம் போய் நாடகம் ஆடிக்கொண்டு. "என்னங்க இது, வைங்க போனை" என்றேன். ஒரு விரலைத் தூக்கி, பொறு என்று காட்டினார்.

அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். எல்லாப் பதிலும் அருமை, ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது, வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டு, ஒன்பதாவது கேள்வியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் எத்தனையோ தடவை அமுக்கிய கேள்வி. யாரும் அதைச் சத்தமாக வாசித்து அதுவரை நான் கேட்டதில்லை. கார் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி முடிந்ததும் இவர் கையை நீட்டி அதை அணைத்தார்.

"இதுக்கு அவ என்ன பதில் சொல்லிருக்கா?" என்று கேட்டார்.

"ஆம்னு சொல்லிருக்கா. விதிவிலக்கு வேணுமாம். சின்ன வயசு, மனசு இளகிருக்கும், நான் தப்பு சொல்லல. அதை மட்டும் மாத்திட்டா நாங்க அவளுக்கு ஆதரவு குடுத்துடலாம். நீங்க அப்பா, ஒரு வார்த்தை பேசிப் பாக்கறீங்களா?"

"வேண்டாங்க. அவ சொன்னது அப்படியே இருக்கட்டும்."

"கையேட்டுல ஆதரவு இல்லைன்னு அச்சாகும், ஹனி. புரியுதில்ல?"

"அச்சாகட்டும்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷி இல்லை. யாரையும் மிரட்டவும் இல்லை. தன் சனிக்கிழமையைக் கொடுத்து உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார், அவர் நம்புகிறதை அவர் செய்கிறார். அவரைத் திட்ட வேண்டும் என்று தேடிப் பார்த்தேன், என்னிடம் ஒன்றும் இல்லை.

"இன்னொண்ணு. காமென்ட் பெட்டியில என்னமோ எழுதிருக்கா. எனக்கு வெறும் கேள்விக்குறியாத் தெரியுது. என்னன்னு தெரியுமா?"

இவர் என்னைப் பார்த்தார். "என்ன எழுதுன?" என்று தமிழில் கேட்டார்.

"சாப்டியா கண்ணுன்னு" என்றேன்.

அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. "அது எங்க வீட்டு விஷயங்க" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பெயரை மறுநாளே லீடைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "டெஸ்ட்டுன்னு போடாம எப்படி விட்டீங்க? நீங்க இப்படிப் பண்ண மாட்டீங்களே" என்று லீட் ஆச்சரியப்பட்டார். மறந்துவிட்டேன் என்றேன். கையேட்டில் அது அச்சாகவில்லை. வேலைக்கும் ஆபத்து வரவில்லை. ஆனால் அதெல்லாம் மறுநாள்.

போனை வைக்கிற நேரத்தில் அந்த அம்மா சொன்னார்: "செவ்வாய்க்கிழமை எங்க கமிட்டி மீட்டிங். எல்லார் பேரையும் நான்தான் சத்தமா வாசிக்கணும், ஆதரவு இல்லாதவங்க பேரையும். உங்க பொண்ணு பேரைக் கொலை பண்ண எனக்கு இஷ்டமில்லை. அதை எப்படிச் சொல்லணும், அப்பா?"

காப்பிக் கடையில் பொய்ப் பெயர் சொல்கிற மனுஷன். தன் பெயரை யார் எப்படிக் கடித்துத் துப்பினாலும் சிரித்துக்கொண்டு போகிற மனுஷன். வாயைத் திறந்தார். அந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில், என் வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து எப்படிச் சொல்வாரோ, அப்படியே.

அந்த அம்மா திருப்பிச் சொன்னார். தப்பு.

"இல்லைங்க. நாக்கை உள்ள மடிக்கணும். மேல ஒட்டக் கூடாது. உங்க ஊர்ல ஆர் சொல்வீங்களே, கிட்டத்தட்ட அதுதான், இன்னும் கொஞ்சம் உள்ள" என்று மறுபடி சொன்னார்.

மறுபடி தப்பு. அவர் விடவில்லை. முதல் எழுத்து, நடு எழுத்து, கடைசி எழுத்து என்று பிரித்துச் சொன்னார். அப்புறம் சேர்த்துச் சொன்னார். இறங்க வேண்டிய எக்ஸிட் போய்விட்டது. நான் சொல்லவில்லை. காருக்குள் அவள் பெயர் திரும்பத் திரும்ப, ஒரு தடவை அந்த அம்மா, ஒரு தடவை அவள் அப்பா.

"இப்ப சரியா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா இன்னொரு தடவை சொன்னார். சுத்தமாக வந்தது. ஈரோட்டில் பிறந்தவள் சொன்ன மாதிரி வந்தது.

"சரிங்க. அதுதான்" என்றார். போன் கட் ஆனது.

அவர் அழுதுகொண்டிருந்தார். கார் என்னவோ நேராகத்தான் போனது.

"அவங்களுக்கே ழ வந்துருச்சு, அம்மணி" என்றார். "நான்தான் வராதுன்னு உங்கிட்டச் சண்டை போட்டேன்."